எல்டிஎஸ் பதிப்பை முன்கூட்டியே அறிவிப்பதில் என்ன சிக்கல்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையான பதிப்புகளைப் பராமரிப்பவர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். அடுத்து வரப்போகும் 4.9 கெர்னலை நீண்டகால ஆதரவுப் பதிப்பாக, அதாவது எல்டிஎஸ் பதிப்பாக எடுத்துக்கொள்ளப் போவதாக அவர் 2016-இல் அறிவித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். இந்த அறிவிப்பைச் சாக்காக வைத்துப் பாதி வெந்த நிரலை உள்ளே தள்ளினால், 4.9-ஐ விட்டுவிட்டு 4.8-க்கே திரும்பிவிடுவேன், இல்லையென்றால் 4.10 வரும்வரை காத்திருப்பேன் என்றார்.

நல்ல செய்தியோடு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லும்படி ஆனதற்குக் காரணம் பழைய அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன்பும் இப்படி முன்கூட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் அலுவலக வேலை சுலபமாக முடிய வேண்டும் என்பதற்காக, தயாராகாத நிரலையெல்லாம் அந்தப் பதிப்பில் திணிக்கப் பலர் முண்டியடித்தார்கள். அதோடு அந்த வழக்கம் நின்றுபோனது. இனி அப்படி நடக்காது என்று பலரும் உறுதி சொன்ன பிறகு, சரி, இன்னொரு முறை பார்க்கலாம் என்று அவர் இறங்கிவந்த ஆண்டு அது.

முன்கூட்டியே சொல்வது நல்லதுதானே, அதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் எல்டிஎஸ் விஷயத்தில் அறிவிப்பே வெளியீட்டை மாற்றிவிடுகிறது. இந்தப் பதிப்புதான் பல ஆண்டுகள் நிற்கும் என்று தெரிந்த நொடியிலிருந்து, அதற்குள் எது போக வேண்டும், எது போகக் கூடாது என்ற கணக்கு எல்லோருக்கும் மாறுகிறது.

எல்டிஎஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கெர்னலின் மேல் கட்டிய உபுண்டு இயங்குதளம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. சாதாரணப் பதிப்புக்கு 9 மாதம்தான் ஆதரவு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் பதிப்புக்கு 5 ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான வழு நீக்கங்களும் வரும். புது வசதிகள் பெரும்பாலும் வராது. சர்வர்களை நடத்துபவர்கள், கருவிகளில் மென்பொருளைப் பொதித்து விற்பவர்கள், நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள் எல்லாம் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றும் மாறாமல் இருப்பதுதான் இவர்களுக்கு வேண்டியது.

இப்போது நிரல் எழுதுபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு சிப் நிறுவனத்துக்காக டிரைவர், அதாவது வன்பொருளைக் கெர்னலோடு இணைக்கும் நிரல், எழுதுகிறார். அவருடைய டிரைவர் எல்டிஎஸ் கெர்னலுக்குள் போய்விட்டால், அந்தக் கெர்னலின் மேல் கருவி செய்யும் எல்லோருக்கும் அது தானாகவே கிடைத்துவிடும். ஒரு வாரம் தவறினாலும், அடுத்த சில ஆண்டுகளுக்கு அதைத் தனி பேட்ச்சாகச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பொருத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடைசி பஸ் இதுதான் என்று தெரிந்தால் படியில் தொங்கிக்கொண்டாவது ஏறத்தானே பார்ப்பார்கள்? அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் எந்தப் பதிப்பு மிக உறுதியாக இருக்க வேண்டுமோ, அதே பதிப்பில்தான் அவசரத்தில் எழுதிய நிரல் அதிகம் சேரும் ஆபத்து இருக்கிறது.

4.9 என்ன ஆனது? 2016 டிசம்பரில் வெளிவந்தது. 16,000-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு, அதுவரை வந்த கெர்னல்களிலேயே எண்ணிக்கையில் மிகப் பெரியது அதுதான். முன்னறிவிப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிரேபஸ் என்ற தொகுதி தன்னுடைய முழு மாற்ற வரலாற்றோடு அந்தச் சமயத்தில்தான் உள்ளே வந்தது, எண்ணிக்கை கூடியதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. எப்படியோ, பின்வாங்கும் அளவுக்கு நிலைமை மோசமாகவில்லை. 4.9 எல்டிஎஸ் ஆனது, 2023 ஜனவரி வரை திருத்தங்கள் பெற்றது.

அதற்குப் பிறகு கெர்னல் உலகம் ஓர் இடைவழியில் வந்து நின்றிருக்கிறது. ஆண்டின் கடைசியில் எந்தக் கெர்னல் வெளிவருகிறதோ அதுதான் எல்டிஎஸ் என்பது வழக்கமாகிவிட்டது. 5.10, 5.15, 6.1, 6.6, 6.12 எல்லாம் அப்படி வந்தவைதான். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வருவதால், விரல்விட்டு எண்ணினால் அடுத்த எல்டிஎஸ் எதுவாக இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனாலும் முறைப்படி அறிவிப்பு வரும்வரை அது உறுதியில்லை. திட்டமிட விரும்புபவருக்குப் போதுமான தகவல் கிடைக்கிறது, அதே சமயம் திணிக்க நினைப்பவருக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. இந்த அரைகுறைத் தெளிவில் ஒரு ஞானம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

கதவு எப்போது மூடும்?

கெர்னலைப் போல மறைமுகமாக நடந்துகொள்ள எல்லாத் திட்டங்களாலும் முடியாது. உபுண்டுவில் பதிப்பு எண்ணே தேதிதான். 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2006-இல் வந்த 6.06-தான் முதல் எல்டிஎஸ். ஏப்ரலில் வர வேண்டியது, இன்னும் மெருகேற்ற வேண்டும் என்று ஆறு வாரம் தள்ளிப்போய் ஜூனில் வந்தது. அதற்குப் பிறகு 2008-லிருந்து இரட்டைப்படை ஆண்டு தவறாமல் ஏப்ரலில் எல்டிஎஸ் வந்திருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாகத் தேதியைச் சொல்லியும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், வெளியீட்டுத் தேதியோடு சேர்த்து வேறு பல தேதிகளையும் சொல்லிவிடுகிறார்கள். புது வசதிகளுக்கு ஒரு கடைசி நாள், திரைத் தோற்றத்தை மாற்ற ஒரு கடைசி நாள், மொழிபெயர்ப்பாளர்களும் ஆவணம் எழுதுபவர்களும் வேலை முடிக்க வசதியாக வாசகங்களை மாற்ற ஒரு கடைசி நாள், அப்புறம் கெர்னலுக்கு, பீட்டாவுக்கு என்று கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஃப்ரீஸ் என்று இதைச் சொல்கிறார்கள். ஃப்ரீஸுக்குப் பிறகு எதையாவது சேர்க்க வேண்டுமென்றால், ஏன் என்று எழுதி விதிவிலக்கு கேட்க வேண்டும்.

இன்னொரு லினக்ஸ் தொகுப்பான டெபியன் இதற்கு நேர்மாறான வழி. தயாரானதும் வெளியிடுவோம் என்பதுதான் அவர்களுடைய கொள்கை, ஆகவே வெளியீட்டு நாளை வெகு முன்பே சொல்வதில்லை. ஆனால் ஃப்ரீஸ் தேதிகளைச் சொல்லிவிடுவார்கள். டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸிக்கு, 2025 மார்ச் 15, ஏப்ரல் 15, மே 15 என்று படிப்படியாகக் கதவுகள் மூடின. வெளியீடு ஆகஸ்ட் 9-இல் நடந்தது. என்னைக் கேட்டால் டெபியனின் முறைதான் நேர்மையானது. தொகுப்பில் உள்ள ஒவ்வொரு மென்பொருளையும், அதாவது பேக்கேஜையும், பராமரிப்பவருக்கு உண்மையில் வேண்டியது கதவு மூடும் நாள். கதவு திறக்கும் நாள் விழாவுக்குத்தான் தேவை.

ஆனால் இந்தப் பாடத்தை டெபியனும் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 2009 ஜூலையில், இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் ஃப்ரீஸ், அதுவும் இந்த டிசம்பரிலிருந்தே என்று அறிவித்தார்கள். கையில் இருந்தது ஐந்து மாதம். பெரிய மாற்றங்களைத் தொடங்கி நடுவழியில் இருந்த பல பராமரிப்பாளர்களுக்கு அது இடியாக இறங்கியது. எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எதிர்ப்பு கிளம்பவே, டிசம்பர் ஃப்ரீஸ் கைவிடப்பட்டது. உண்மையான ஃப்ரீஸ் 2010 ஆகஸ்டில்தான் நடந்தது, வெளியீடு 2011 பிப்ரவரியில். யோசனை தவறில்லை. ஓராண்டு முன்பே, கலந்து பேசிவிட்டுச் சொல்லியிருந்தால் அதே அறிவிப்பை வரவேற்றிருப்பார்கள்.

தேதியை எல்லோரும் படிக்கிறார்கள்

2024-இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் இந்தப் பேச்சுக்கு ஒரு இருண்ட பக்கத்தைக் காட்டியது. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் சிறிய சுருக்கக் கருவி எக்ஸ்இசட். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், புனைபெயரில் இயங்கி, பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்றிருந்த ஒருவரே பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, வைத்திருந்தார். மார்ச் 28 அன்று அதே புனைபெயரிலிருந்து உபுண்டுவுக்கு ஒரு கோரிக்கை போனது. 5.6.1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம், பீட்டா ஃப்ரீஸுக்கு அப்போது சில நாள்களே இருந்தன. மறுநாள், மார்ச் 29, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அந்தப் பின்கதவை உலகத்துக்கு அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் போனதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

அரை நொடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், ஐந்தாண்டு ஆதரவு பெறும் ஒரு பதிப்புக்குள் அந்தப் பின்கதவு போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. உபுண்டு 24.04-இன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து ஏப்ரல் 11-க்கு மாற்றினார்கள். மோசமான பதிப்பு வந்த பிறகு உருவாக்கிய பைனரிகளை, அதாவது ஓடத் தயாரான கோப்புகளை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி உருவாக்கினார்கள். ஏப்ரல் 25 என்ற வெளியீட்டு நாளை மட்டும் தவறவிடவில்லை.

இதைப் பார்த்துவிட்டு, வெளியீட்டுத் தேதிகளை ரகசியமாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரகசியம் வைத்தால் முதலில் தவிப்பது நேர்மையாக வேலை செய்யும் தன்னார்வலர்தான். இரண்டு ஆண்டு பொறுமையாக நம்பிக்கை சம்பாதிக்கத் தயாராக இருப்பவர் தேதியையும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். ஃப்ரீஸ் நெருங்கும்போது வரும் அவசரக் கோரிக்கைகளைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பதும், அப்படிப் பார்க்கப் போதுமான ஆட்கள் இருப்பதும்தான் பாதுகாப்பு. பல திட்டங்களில் அந்த ஆட்கள் இல்லை என்பதுதான் கவலை.

முன்னறிவிப்பால் தவறான முடிவு தடுக்கப்பட்டதும் உண்டு. 2019 ஜூனில், 19.10 பதிப்பிலிருந்து பழைய வகைக் கணினிகளுக்கான 32-பிட் பேக்கேஜ்களை நிறுத்தப் போவதாக உபுண்டு அறிவித்தது. 19.10 சாதாரணப் பதிப்புதான். ஆனால் அடுத்தது 20.04 எல்டிஎஸ் என்பதால், அதற்கு முன்பே சுமையைக் கழித்துவிட நினைத்தார்கள். பழைய விளையாட்டுகளும் விண்டோஸ் செயலிகளை ஓட்டும் வைனும் 32-பிட் நூலகங்களை நம்பியிருந்தன. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், வைன் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததும், ஒரே வாரத்தில், தேவையான 32-பிட் பேக்கேஜ்களை 20.04-இலும் தொடர்ந்து தருவோம் என்று மாற்றிக்கொண்டார்கள். எல்டிஎஸ்ஸுக்குப் பத்து மாதம் முன்பே சொன்னதால்தான் திருத்திக்கொள்ள இடம் இருந்தது. இதே அறிவிப்பு 20.04 வெளியீட்டுக் குறிப்பில் முதன்முறையாக வந்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

நீண்ட அவகாசம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்குப் பைத்தான் நிரல்மொழியின் 2 வரிசை சாட்சி. 2010-இல் 2.7 வந்தபோதே இதுதான் 2 வரிசையின் கடைசிப் பதிப்பு என்று தெரியும். 2015-இல் ஆதரவு முடியும் என்று இருந்ததை 2014-இல் 2020-க்குத் தள்ளினார்கள். கிட்டத்தட்ட பத்தாண்டு அவகாசம். இவ்வளவு நீண்ட அறிவிப்பை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை, அது மனித இயல்பு.

நகர்வை உண்டாக்கியது இடையில் வைத்த படிகள். பைத்தானில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ 2015-இல் தன் பாதையை வரைந்து வெளியிட்டது. 1.11 அடுத்த எல்டிஎஸ், பைத்தான் 2-இல் ஓடும் கடைசிப் பதிப்பும் அதுதான், அதன் ஆதரவு 2020 ஏப்ரலில் முடியும். பைத்தான் 2-இன் முடிவோடு ஒட்டிப்போகும்படி அமைத்த கணக்கு அது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0-க்குப் பைத்தான் 3 கட்டாயம். புது வசதி வேண்டுமென்றால் மாற வேண்டும், மாற முடியாதவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் பாதுகாப்பு உண்டு. அறிவிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் காட்டுவது இதைத்தான். அதோடு நிற்காமல், 2.2, 3.2, 4.2, 5.2 என்று .2-இல் முடியும் பதிப்புகளெல்லாம் எல்டிஎஸ் என்ற ஒழுங்கையும் கொண்டுவந்தார்கள். எண்ணைப் பார்த்தாலே போதும், தனியாக யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

முடிவுத் தேதியை முன்னே இழுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் மென்பொருளின் 16-ஆம் பதிப்புக்கு 2024 ஏப்ரல் வரை ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 1.1.1 பதிப்பை நம்பி நின்றது, அதன் ஆயுள் 2023 செப்டம்பர் 11-இல் முடிந்தது. நோட் 16 உருவானபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 தயாராகவில்லை, நடுவில் மாற்றினால் பயனர்களின் நிரல் உடையும். ஆகவே நோட் 16-இன் முடிவையும் அதே 2023 செப்டம்பர் 11-க்குக் கொண்டுவந்தார்கள். ஏழு மாத இழப்பு, ஆனால் அதை ஓராண்டுக்கும் முன்பே, 2022-இலேயே, காரணத்தோடு சொல்லிவிட்டார்கள்.

சர்வர்களில் பரவலாக ஓடிய லினக்ஸ் தொகுப்பான சென்ட்ஓஎஸ் 8-க்கும் ஏறக்குறைய ஓராண்டு அவகாசம்தான் கிடைத்தது. 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு, 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்த பதிப்பை 2021 டிசம்பர் 31-இல் முடித்துவைத்தது. பல ஆண்டுத் திட்டத்தோடு சர்வர்களை அதற்கு மாற்றிய குழுக்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் அந்தக் கோபத்தில் பிறந்தவைதான். இரண்டு இடத்திலும் அவகாசம் ஏறத்தாழ ஒன்று, பறிபோனது மட்டும் ஒரு பக்கம் ஏழு மாதம், மறுபக்கம் ஏழு ஆண்டுக்கும் மேல். ஆகவே எத்தனை மாதம் முன்பு சொன்னார்கள் என்பதை மட்டும் வைத்து ஓர் அறிவிப்பை எடைபோட முடியாது. அதை நம்பி மற்றவர்கள் எவ்வளவு தூரம் போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தேதிக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பல நேரம் மறந்துபோகிறது. 5.10 கெர்னல் வந்தபோது இரண்டு ஆண்டு ஆதரவு மட்டுமே அறிவித்தார்கள். நீட்டிக்க வேண்டுமென்றால், சோதித்துப் பார்த்து முடிவைத் தெரிவிக்க எந்தெந்த நிறுவனங்கள் முன்வரும் என்று கேட்டார் க்ரோவா-ஹார்ட்மன். நிறுவனங்கள் முன்வந்த பிறகுதான் அது 2026 டிசம்பர் வரை நீண்டது. 2023-இல், பழைய கெர்னல்களைப் பயன்படுத்துபவர்கள் குறைவு, பராமரிப்பவர்களோ களைத்துவிட்டார்கள் என்று, ஆறு ஆண்டு வழக்கத்தை விட்டு இரண்டு ஆண்டுக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார்கள். இது பலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் காப்பாற்ற முடியாத ஆறு ஆண்டை விடக் காப்பாற்றக்கூடிய இரண்டு ஆண்டு மேல். வேலை செய்பவரின் களைப்பை மறைத்துக்கொண்டு எழுதும் தேதி, படிப்பவரையும் ஏமாற்றுகிறது.

யாருக்கான ஆதரவு என்பதையும் பார்க்க வேண்டும். செயலிகளின் திரைத் தோற்றத்தை உருவாக்க உதவும் க்யூடி மென்பொருளைத் தரும் நிறுவனம் தன் எல்டிஎஸ் பதிப்புகள் இனி வணிக உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. 5.15-க்கு அது 2021-இல் நடைமுறைக்கு வந்ததும், அதன் மேல் லினக்ஸ் மேசைத்தளத்தைக் கட்டும் கேடிஇ சமூகம் தனக்குத் தேவையான திருத்தங்களைத் தானே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டெபியனில் சுமார் மூன்று ஆண்டுக்குப் பிறகு வரும் எல்டிஎஸ் காலத்தைக் கவனிப்பது வேறொரு குழு, நிறுவனங்கள் தரும் பணத்தில் அது நடக்கிறது. உபுண்டுவின் ஐந்தாண்டு உத்தரவாதம் முதன்மைத் தொகுப்புக்கு மட்டும், சமூகம் பராமரிக்கும் மிகப் பெரிய தொகுப்புக்கு அதே உறுதி இல்லை. நீங்கள் அன்றாடம் நம்பியிருக்கும் பேக்கேஜ் இரண்டில் எதில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழையதும் புதியதும் எவ்வளவு காலம் சேர்ந்து இருக்கும் என்பதை முன்னறிவிப்புகள் பெரும்பாலும் பெரிதாகச் சொல்வதில்லை. நிர்வாகிக்கு முதலில் வேண்டியதே அதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 எல்டிஎஸ் 2026 செப்டம்பர் 7 வரை. அடுத்த எல்டிஎஸ்ஸான 3.5, 2025 ஏப்ரல் 8-இலேயே வந்துவிட்டது, 2030 ஏப்ரல் வரை இருக்கும். இடையில் பதினேழு மாதம் இரண்டுக்கும் திருத்தம் உண்டு. குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாதபடி வடிவமைத்த மறையாக்க முறைகள் இந்த 3.5-இல்தான் முதலில் சேர்ந்தன, ஆகவே இதைத் தங்கள் அடுத்த பதிப்பில் சேர்க்கப் பல லினக்ஸ் தொகுப்புகளுக்குக் காரணம் இருந்தது. டெபியன் ட்ரிக்ஸியின் கடும் ஃப்ரீஸ் மே 15. இரண்டு நாள்காட்டிகளும் பொதுவில் இருந்தன, இடையில் இருந்தது ஐந்து வாரம். ஆகஸ்டில் வந்த ட்ரிக்ஸியில் இருப்பது 3.5.